நம்பரைப் பார்த்துவிட்டு வா

கண்ணு, நீயும் உன் அப்பாவும் நந்தினி வீட்டாரோடு முகூர்த்தப் புடவை எடுக்கக் கிருஷ்ணகிரிக்குப் போயிருக்கிறீர்கள். முழங்கால் வலி என்று சொல்லி நான் வீட்டில் நின்றுவிட்டேன். என் முழங்காலுக்கு ஒன்றுமில்லை. இதை உட்கார்ந்து எழுதுவதற்காகத்தான் நின்றேன். போனில் சொன்னால் நீ "சரிம்மா, பாத்துக்கறேன்" என்று இரண்டே வார்த்தையில் என்னை முடித்துவிடுவாய். நேரில் சொன்னால் என்ன ஆகும் என்பதைக் காலையில் இட்லித் தட்டுக்கு முன்னால் பார்த்துவிட்டோம். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உனக்கு முன்னால் உன் அப்பா இதைப் பிரித்துப் படிக்கத்தான் போகிறார். தக்காளி மண்டிக் கணக்கைத் தவிர வேறெதுவும் தெரியாத அவருக்கும் இது புரிய வேண்டும். புரிந்தால் அவரும் என் பக்கம் பேசுவார்.

நடந்தது இதுதான். உங்கள் பிளான்ட்டில் ஆயுத பூஜை லீவில் மிஷின்கள் எல்லாம் நிற்கும்போது நெட்வொர்க்கை மாற்றும் வேலையை உன்னிடம் கொடுத்தார்கள். வியாழக்கிழமை பூஜை. சர்வர் ரேக்குக்குச் சந்தனம் வைத்து, கீபோர்டு மேல் பொரியைக் கொட்டி, போட்டோ அனுப்பினாய். ஃபேன் பக்கத்தில் குங்குமம் வைக்காதே என்று எத்தனை வருஷமாகச் சொல்கிறேன், அதை இப்போதைக்கு விடு. வெள்ளிக்கிழமை ஃபயர்வால் ரூல்களை ஏற்றினாய். சனிக்கிழமை அலாரம் மிஷினைப் புது முகவரிக்கு மாற்றினாய். அன்று சாயங்காலமே எல்லாம் சரியாக இருக்கிறது என்று ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேனேஜருக்கு அனுப்பிவிட்டாய். நாளை திங்கட்கிழமை முதல் ஷிப்டில் இரும்பு உருக்கும் பர்னஸை ஏற்றுகிறார்கள். அந்தப் பர்னஸில் நிற்பவர் நந்தினியின் அப்பா, நம் சம்மந்தி.

உன் ரிப்போர்ட் தப்பு என்று நான் நினைக்கிறேன். நேற்று நீ பெருமையாக எனக்கு அனுப்பிய ரூல் பட்டியலின் படத்திலேயே அது தெரிகிறது. காலையில் நான் கேட்டது ஒரே கேள்விதான்.

"நம்பரா போட்டுப் பாத்தியாடா?"

"பேரே கரெக்டா வருதும்மா, அப்புறம் நம்பர் எதுக்கு? நீ இன்னும் பழைய பிளான்ட்லயே இருக்கற."

நான் பழைய பிளான்ட்டிலிருந்து ரிட்டயர் ஆனவள்தான். சிஸ்டம் ரூமில் தலை நரைத்தவள்தான். ஆனால் கேட்ட கேள்வி பழையது இல்லை, நாளைக் காலையைப் பற்றியது.

உன் அப்பாவுக்காக ஒரு பத்தி. நெட்வொர்க்கில் ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு நம்பர் உண்டு. அதுதான் அதன் நிஜமான முகவரி. நம்பரை நினைவு வைத்துக்கொள்வது மனிதர்களுக்குக் கஷ்டம் என்பதால் ஒரு பெயரும் வைக்கிறோம். எந்தப் பெயருக்கு எந்த நம்பர் என்று சொல்வதற்கென்றே ஒரு தனி மிஷின் இருக்கும். பஸ் ஸ்டாண்டில் விசாரணை கவுண்டர் மாதிரி. நீ பெயரைச் சொன்னால் கம்ப்யூட்டர் அந்தக் கவுண்டரில் போய்க் கேட்டு, நம்பரை வாங்கிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கும். கவுண்டரில் ஆள் இல்லையென்றால் வேலை நிற்கும். கவுண்டரில் இருப்பவர் பழைய தகவலைச் சொன்னால் அதையும் அப்படியே நம்பும். பெயருக்கும் நம்பருக்கும் நடுவில் இப்படி ஒரு மூன்றாம் ஆள் இருக்கிறார் என்பதை மறந்தால்தான் வம்பு. ஃபயர்வால் என்பது நடுவில் நிற்கும் கேட் காவல்காரர் மாதிரி, யார் யாரிடம் போகலாம் என்று அவரிடம் இருக்கும் பட்டியல்தான் ரூல்.

நீ பிறந்த ஆஸ்பத்திரி வார்டில் லட்சுமி என்ற பெயரில் இரண்டு பேர் இருந்தோம். எதிர்க் கட்டில் லட்சுமி சூளகிரிக்காரி, தெலுங்கு பேசுகிறவள். நர்ஸ் குளிப்பாட்டிக் கொண்டுவந்து "லட்சுமி கொழந்த" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தக் குழந்தையின் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையில் இருந்த நம்பரைப் பார்த்தேன். என் கைப் பட்டையில் இருந்த நம்பர் அது இல்லை. எழுந்து நடக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், இருந்தாலும் எழுந்து போய் மாற்றிக்கொண்டு வந்தேன். உன் பாட்டி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார், பெற்ற பிள்ளையை ரேஷன் கார்டு மாதிரி சரிபார்த்தவள் என்று. நானும் சிரித்தேன். ஆனால் உன்னைத் திருப்பி வாங்கியது அந்த நம்பரை வைத்துத்தான்.

பெயரே கூடாது என்று சொல்கிறவள் இல்லை நான். எங்கள் பிளான்ட்டில் மிஷின்களுக்குப் பெயர் வைத்ததே நான்தான். கம்பெனி பஸ் நிற்கும் ஊர்களின் பெயர்களை வைத்தேன். பாரூர், ராயக்கோட்டை, உத்தனப்பள்ளி, சானமாவு என்று வரிசையாக. கன்னடக்காரர், தெலுங்குக்காரர், தமிழ்க்காரர் எல்லோருக்கும் அந்தப் பஸ் வழி தெரியும், அதனால் யாருக்கும் குழப்பம் வரவில்லை. "உத்தனப்பள்ளி படுத்துக்கிச்சி" என்று ஷிப்டில் இருந்து போன் வந்தால் எந்த சர்வர் என்று எனக்கு உடனே புரியும். அந்தப் பெயர்களை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமைதான்.

அப்போது எங்கள் மேனேஜர், ஃபயர்வால் ரூல்களையும் பெயரிலேயே எழுத வேண்டும், படிக்க அழகாக இருக்கும் என்று உத்தரவு போட்டார். எழுதினார்கள். ஒரு நாள் காலை மழையில் கரண்ட் போனது, யூ.பி.எஸ்.ஸும் இறங்கிவிட்டது. கரண்ட் திரும்பி வந்தபோது நான் பஸ்ஸில் சானமாவுக் காட்டில் நின்றுகொண்டிருந்தேன். யானைகள் ரோட்டைக் கடக்கின்றன என்று வனத்துறைக்காரர்கள் இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். பிளான்ட்டில் இருந்து ஷிப்ட் இன்சார்ஜ் மஞ்சுநாத் போன் செய்தார். அவர் ஆனேக்கல்காரர், பதற்றம் வந்தால் கன்னடம்தான் வரும். "ஹெசரு சிக்தா இல்ல அந்த ஹேள்தா இதெ மேடம்" என்றார். பெயர் கிடைக்கவில்லை என்கிறதாம்.

கிடைக்காதுதான். ஃபயர்வால் எழுந்ததும் ரூல்களைப் படிக்கிறது. ரூலில் பெயர் இருக்கிறது. பெயருக்கு நம்பர் கேட்கக் கவுண்டருக்குப் போக வேண்டும். கவுண்டர் இருப்பதோ ஃபயர்வாலுக்கு அந்தப் பக்கம். ரூல் ஏறினால்தான் கதவு திறக்கும், கதவு திறந்தால்தான் ரூல் ஏறும். மொத்தப் பிளான்ட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. ரூல் பட்டியலைக் காட்டச் சொல்லி மஞ்சுநாத் கட்டளை கொடுத்தால் அதுவும் அப்படியே உறைந்து நின்றது, ஏனென்றால் காட்டுவதற்கும் ஒவ்வொரு வரிக்கும் பெயர் கேட்கப் போகிறது. கட்டளையோடு இங்கிலீஷ் 'n' என்ற ஒற்றை எழுத்தைச் சேர்க்கச் சொன்னேன். நம்பராகவே காட்டு, யாரிடமும் கேட்காதே என்பதுதான் அதற்கு அர்த்தம். பட்டியல் உடனே வந்தது. அதில் நம்பரில் எழுதிய பழைய வரி ஒன்றிரண்டையும், மற்ற யாரையும் விடாதே என்ற கதவடைப்பையும் தவிர ஒன்றும் இல்லை. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு நம்பராக நான் சொல்ல, அவர் அடித்தார். என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் யானையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்க்கவில்லை, அதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

அதற்கப்புறம் எங்கள் மேனேஜர் ஒரேயடியாக மறுபக்கம் சாய்ந்தார். இனிமேல் எங்கேயும் பெயரே கூடாது, எல்லாமே நம்பர் என்றார். புது ஷெட்டுக்கு மாறியபோது நம்பர்கள் மாறின. ஆபீஸ், ஸ்டோர், ஷிப்ட் ரூம் என்று ஒவ்வொரு இடமாகத் தேடித் தேடி மாற்றினோம். கேட்டில் இருந்த எடை மேடைக் கம்ப்யூட்டரை எல்லோருமே மறந்துவிட்டோம். அது பழைய நம்பரையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. எடைச்சீட்டு வராமல் லோடு லாரிகள் பெங்களூர் ரோடு வரை நின்றன. டிரைவர்கள் மூன்று பாஷையில் திட்டினார்கள், எனக்கு மூன்றுமே புரியும் என்பதுதான் என் துரதிர்ஷ்டம். அங்கே மட்டும் பெயர் இருந்திருந்தால் கவுண்டரில் ஒரு வரி மாற்றியிருந்தால் போதும். ஆக, மனிதர்கள் கை வைக்கும் இடத்தில் பெயர் வேண்டும். யார் உதவியும் இல்லாமல் ஒரு மிஷின் தானாக எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் நம்பர் வேண்டும், அது யாருடைய நம்பர் என்ற குறிப்பும் பக்கத்தில் வேண்டும். இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது ஏறக்குறைய அவ்வளவுதான்.

இப்போது உன் படத்துக்கு வருகிறேன். பர்னஸுக்குத் தண்ணீர் அனுப்பும் பம்ப் ஹவுஸில் இருந்து வரும் சிக்னல் அலாரம் மிஷினுக்குப் போகலாம் என்ற ரூலில் நீ பெயரை எழுதியிருக்கிறாய். நீ பெயரை எழுதினாலும் ஃபயர்வால் பெயரை வைத்துக்கொள்வதில்லை. ரூல் ஏறும் நேரத்தில் கவுண்டரில் ஒரே ஒரு தரம் கேட்டு, கிடைத்த நம்பரை மட்டும்தான் வைத்துக்கொள்ளும். நீ ரூல் ஏற்றியது வெள்ளிக்கிழமை. அலாரம் மிஷின் புது முகவரிக்குப் போனது சனிக்கிழமை. அப்படியானால் ஃபயர்வாலிடம் இருப்பது எந்த நம்பர்? அந்தப் பழைய முகவரியில் இப்போது எந்த மிஷினும் இல்லை, புது முகவரிக்குப் போகும் சிக்னலை ஃபயர்வால் விடாது.

படத்தில் பெயர் சரியாக வருகிறதே என்பாய். எப்படி வருகிறது என்று பார். நீ பட்டியல் கேட்டதும் அந்தக் கட்டளை தன்னிடம் இருக்கும் பழைய நம்பரை எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போய், இது யார் என்று கேட்டது. நம்பரில் இருந்து பெயரைச் சொல்லும் அட்டவணையை நீ இன்னும் திருத்தவில்லை. கல்யாணத்துக்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நீயே என்னிடம் சொன்னாய். அதனால் கவுண்டரில் பழைய பதிலே வந்தது: அலாரம் மிஷின். அதைத்தான் நீ படம் பிடித்தாய். ஃபயர்வாலிடம் என்ன இருக்கிறது என்று நீ பார்க்கவில்லை, அதைப் பற்றி வேறொருவர் சொன்னதைப் பார்த்தாய். என் சீட்டில் இருந்து அலாரம் மிஷினைக் கூப்பிட்டேன், பதில் வந்தது என்றும் சொன்னாய். உன் சீட்டும் அந்த மிஷினும் ஒரே பக்கம் இருக்கின்றன, நடுவில் ஃபயர்வாலே கிடையாது. பம்ப் ஹவுஸில் இருந்து யாராவது ஒரு அலாரத்தை அடித்துப் பார்த்தீர்களா? பம்ப் ஓடவில்லை, பர்னஸ் ஆறிக் கிடக்கிறது, யார் அடித்திருப்பார்கள்?

நான் தப்பாக இருக்கலாம். அப்படியானால் உனக்கு ஒரு சாயங்காலம் வீண், என்னைக் கிண்டல் செய்ய ஆயுசுக்கும் ஒரு கதை கிடைக்கும். நான் சரியாக இருந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும், அப்பாவுக்காகச் சொல்கிறேன். பர்னஸைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் அலாரம் மிஷின் கத்தும், கன்ட்ரோல் ரூமில் நிறுத்துவார்கள். அது கத்தாவிட்டால் பர்னஸ் பக்கத்தில் இருக்கும் மீட்டரை யாராவது கண்ணால் பார்த்தால்தான் உண்டு. லீவு முடிந்த முதல் நாள், முதல் ஷிப்டு, எல்லோருக்கும் ஆயிரம் வேலை. தண்ணீர் சரியாக ஓடாத குழாய் சூட்டில் ஓட்டையாகி, மிச்சத் தண்ணீர் உள்ளே இருக்கும் உருகிய இரும்பில் இறங்கிவிடும். உருகிய இரும்பும் தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் பிளான்ட்டில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். ஷெட்டின் தகரக் கூரை மேலே போனது. நல்லவேளையாக அப்போது டீ இடைவேளை. அந்தச் சத்தத்துக்கப்புறம் ஒருவர் பெயரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டு எல்லோரும் ஓடியது எனக்கு மறக்காது.

உன் தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டைத் திரும்பக் கேட்பது கேவலமாக இருக்கும். டீம் லீடர் பதவிக்கு உன் பெயர் போயிருக்கிறது. மேனேஜர் திங்கட்கிழமை உற்பத்தியைத் தள்ளிவைக்க மாட்டார், உன் மேல் எரிந்து விழுவார். மாப்பிள்ளை வேலையில் சொதப்பிவிட்டார் என்று மாமனார் வேலை செய்யும் இடத்திலேயே பேச்சு வரும். எல்லாம் நடக்கும். நடக்கட்டும். மேனேஜர் பூசி மெழுகச் சொன்னால் கேட்காதே. செவ்வாய்க்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றால் ஒத்துக்கொள்ளாதே. சரிபார்க்காமல் பர்னஸ் ஏற்றுவதாக இருந்தால் என் ரிப்போர்ட் செல்லாது என்று மெயிலில் எழுது, பிளான்ட் ஹெட்டுக்கும் அனுப்பு. வேலை போனால் ஓசூரில் வேறு பிளான்ட் இருக்கிறது. கல்யாணம் நின்றுவிடும் என்று பயப்படாதே. நந்தினியை எனக்குத் தெரியும், உன்னைவிடத் தைரியசாலி.

காலையில் நான் கத்தினேன், அது எனக்கே பிடிக்கவில்லை. கோபம்தான். ஆனால் நீ ஏமாந்துவிட்டாய் என்ற கோபம் இல்லை. பெயர் சரியாக வரும்போது யாரும்தான் நம்புவார்கள், நானும் நம்பியிருப்பேன். நான் கேட்டதும் ஒரு நிமிஷம் நீ யோசித்தாய், உன் முகத்தில் அது தெரிந்தது. உனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வந்த பிறகும் சட்னியைத் தொட்டுக்கொண்டு பேச்சை மாற்றினாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோபத்துக்குக் கீழே இருந்தது பயம், கண்ணு.

வந்ததும் செருப்பைக் கழற்றாமல் அப்படியே பிளான்ட்டுக்குப் போ. ஃபயர்வாலில் அந்த ஒற்றை எழுத்தைச் சேர்த்துப் பட்டியல் எடு. பெயர் வேண்டாம், நம்பரைப் பார். பழைய நம்பர் இருந்தால், அந்த ரூலை நம்பரிலேயே எழுதி, இது எந்த மிஷின் என்று பக்கத்தில் குறிப்புப் போடு. அதற்கப்புறம் ஃபயர்வாலை முழுசாக அணைத்து, கவுண்டர் மிஷினையும் அணைத்து, ஃபயர்வாலை மட்டும் எழுப்பிப் பார். தானாக எழுந்து நிற்கிறதா என்று தெரிந்துவிடும். பம்ப் ஹவுஸுக்கு ஒரு ஆளை அனுப்பி நிஜ அலாரத்தை அடிக்கச் சொல், கன்ட்ரோல் ரூமில் உன் காதால் கேள். அதற்குப் பிறகு புது ரிப்போர்ட் எழுது. பழையது தப்பு என்பதையும் அதில் முதல் வரியாக எழுது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கிளம்பியதும் நான் முதலில் எடுத்தது பேனாவை இல்லை, போனை. சம்மந்தியைக் கூப்பிட்டு, நாளை ஒரு நாள் லீவு போடுங்கள் அண்ணா, வீட்டில் கல்யாண வேலை இருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவர் நான் சொன்னால் தட்ட மாட்டார். உத்தனப்பள்ளியில் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போன குடும்பத்தில் முதன்முதலாகக் கம்பெனிச் சட்டை போட்டவர், இதுவரை ஷிப்ட் தவறியதில்லை என்பார்கள், ஆனாலும் எனக்காகப் போட்டிருப்பார். நம்பரை அழுத்தி, அவர் எடுப்பதற்குள் கட் பண்ணிவிட்டேன். அவர் வராவிட்டால் பர்னஸ் நிற்காது. அந்த இடத்தில் வேறொருவரை நிறுத்துவார்கள். திருவண்ணாமலைப் பக்கத்துப் பையனாக இருக்கலாம், பீகாரில் இருந்து வந்தவராக இருக்கலாம். அவர் யார் வீட்டுக்கும் சம்மந்தி இல்லை. அவரைக் காப்பாற்றப் போன் செய்ய இந்த ஊரில் அவருக்கு யாரும் இல்லை. அவர் பெயர் எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. நீ அவருக்காகப் போ.

அம்மா